உள்ளே ஆள் இருக்கு

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், தகரத்தில் மோதி அதிர்ந்து, "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு, மூவெண்டு ஆறு" என்று கத்தியது. பாடம் ஒப்பிக்கிற குரல் அல்ல அது. நாயை விரட்டக் கல் எறிகிறவள் போல ஒவ்வொரு எண்ணையும் எடுத்து எறிந்துகொண்டிருந்தாள். அதன்மேல் இன்னொரு குரல் ஏறியது. "திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், காங்கேயம், திருப்பூர். திருப்பூர், காங்கேயம், தாராபுரம்…" பஸ் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

வடிவுக்கரசி பென்சிலைக் கீழே வைத்தாள்.

அந்த வீட்டுக்கு அவள் குடிவந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு அறை. பின்பக்கம் நூற்பாலையின் பெண்கள் விடுதிச் சுவர். எட்டு வருஷம் ஒரு கல்லூரியில் அரசியல் சொல்லிக்கொடுத்தவள், நிர்வாகத்திடம் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டு வெளியே வந்தவள். இப்போது மாலையில் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பீஸ் கிடையாது. கேட்ட கேள்விக்கு நேரான பதிலும் கிடையாது.

எதிரே பாயில் செலஸ்டினா உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாற்பத்துமூன்று பெண்களுக்கும் அவள்தான் வார்டன் அக்கா. இரண்டு பேரும் கான்வென்டில் ஏழு வருஷம் ஒரே பெஞ்சு. வடிவுக்கரசி பக்கத்தில் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ஓடிவந்தவள், வாசலில் நின்று முதல் வார்த்தையாக "டீச்சர்" என்றாள். வடிவுக்கரசி அதைத் திருத்தவில்லை.

செலஸ்டினாவின் மடியில் ஒரு விண்ணப்பம். சென்னையில் ஒரு கல்லூரி. அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த பட்டப்படிப்பு. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு நாலே இடம், உதவித்தொகையோடு. பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள அறையும் தருகிறார்கள். திருப்பூர் போன கணவன் திரும்பாத ஆறு வருஷத்தில் அவளுக்குத் திறந்த ஒரே கதவு அது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். 'இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள்? முன்னூறு சொற்களுக்குள், உங்கள் கையெழுத்தில்.'

"மூணு பாடத்தையும் எதுக்கு டீச்சர் ஒண்ணாக் கட்டி வச்சிருக்காங்க?"

"அது என்ன சத்தம்?"

"எது?"

"அந்தக் கத்தல்."

"அதுவா? அது ஒண்ணுமில்லே. பாத்ரூம்."

"பாத்ரூம்ல வாய்ப்பாடா?"

செலஸ்டினா சிரித்தாள். "உள்தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஆள் இருக்குன்னு வெளியே தெரியணும்ல? பாடுவாங்க. பாட வராதவங்க எதையாவது சொல்லுவாங்க. ஒருத்தி செபமாலை சொல்லுவா. ஒருத்தி அவ புருஷனைத் திட்டுவா, கேக்க நல்லா இருக்கும். பழகிப்போச்சு டீச்சர். நான் எழுதினதைப் படிக்கட்டுமா?"

"படி."

செலஸ்டினா எழுந்து நின்று படித்தாள். கான்வென்டில் படித்தவர்கள் அப்படித்தான். "சமுதாயத்திற்குத் தொண்டாற்ற வேண்டும் என்ற தணியாத ஆர்வம் சிறு வயது முதலே என் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது…"

முடிந்ததும் வடிவுக்கரசி தாளை வாங்கிப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுத்து அழகா இருக்கு."

"காரணம்?"

"அதான் சொன்னேனே. எழுத்து அழகா இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு தகரக் கதவு திறந்து மூடியது.

*

மூன்று நாள் கழித்து செலஸ்டினா மகளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். ஜெர்லினுக்கு ஆறு வயது. பாயில் உட்கார்ந்து தன் செருப்பு வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

புதிய தாளில் செலஸ்டினா வறுமையை ஒழித்திருந்தாள்.

"யாரோட வறுமை?" என்றாள் வடிவுக்கரசி.

"பொதுவா, டீச்சர்."

"பொதுவா யாரும் ஏழையா இருக்கறதில்லே, செலஸ்."

"வேற என்னதான் எழுதச் சொல்றீங்க? நல்ல காரணம்தானே கேக்குறாங்க? எனக்குத் தெரிஞ்ச நல்ல காரணமெல்லாம் எழுதிட்டேன்."

"நல்ல காரணம் கேக்கலே. உன் காரணம் கேக்குறாங்க."

"எனக்குன்னு என்ன இருக்கு? பிள்ளை இருக்கு. அதை எழுதவா?"

பிள்ளை எழுந்தாள். "அம்மா, ஒன்னுக்கு."

"பின்னாடி இருக்கு, போ" என்றாள் வடிவுக்கரசி.

ஜெர்லின் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து சத்தம் வந்தது. சின்னக் குரல், முழு மூச்சு. "ஓரெண்டு ரெண்டு! ஈரெண்டு நாலு! மூவெண்டு ஆறு!"

செலஸ்டினா பெருமையோடு தலையைச் சாய்த்தாள். "ரெண்டாம் வாய்ப்பாடு முழுசும் வரும். ஒண்ணாங் கிளாஸ்லயே. மிஸ் எல்லார் முன்னாடியும் கை தட்டச் சொன்னாங்களாம்."

வடிவுக்கரசி எழுந்து போனாள். பாத்ரூம் கதவு பாதி திறந்திருந்தது. பிள்ளை வெளியே வரும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"வாய்ப்பாடு யாரு சொல்லிக்குடுத்தது?"

"யாருமில்லே. அக்காங்க பாடுவாங்கல்ல."

"உள்ளே தாழ்ப்பாள் இருக்கே. ஏன் போடலே?"

ஜெர்லின் திரும்பிக் கதவைப் பார்த்தாள். உட்புறம் கையளவு இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. அதை எட்டித் தொட்டாள்.

"பாத்ரூமுக்குமா இதெல்லாம் இருக்கும்?"

"இல்லாட்டி?"

"பாடணும். பாடலேன்னா மேஸ்திரி மாமா வந்துருவாரு. இசக்கி அக்காவுக்கு வந்துட்டாரு. அக்காவுக்கு அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு."

செலஸ்டினா பாயிலிருந்து எழுந்துவிட்டாள். "ஜெர்லின், போதும், வா இங்க."

"அப்புறம்?" என்றாள் வடிவுக்கரசி.

"அக்கா அழுதாங்க. அம்மா அக்காவைத் திட்டுனாங்க."

"என்னன்னு?"

"நீ ஏன் பாடலேன்னு."

ஜெர்லின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் எதையோ உடைத்துவிட்டோம், எதை என்று தெரியவில்லை என்பது போலப் பார்த்தாள்.

"என்னை அப்படிப் பாக்காதீங்க" என்றாள் செலஸ்டினா.

"நான் பாக்கலே."

"பாக்குறீங்க. நான் என்ன பண்ணியிருக்கணும்? ரெண்டு வேளைச் சோறு, தலைக்கு மேல ஒரு கூரை, பிள்ளைக்கு ஸ்கூல். எல்லாம் அந்த ஆபீஸ் குடுக்குது. மேஸ்திரி சட்டையைப் பிடிக்கச் சொல்றீங்களா?"

"கேக்கச் சொல்றேன்."

"என்னன்னு?"

"அந்தக் கதவுல தாழ்ப்பாள் ஏன் இல்லேன்னு. இருந்துதா? யார் சொல்லிக் கழட்டினாங்க? எதுக்கு?"

"கேட்டா வேலை போகும்."

"போகலாம்."

"உங்களுக்கென்ன! வேலை போனாலும் இங்க வந்து பாய் விரிச்சு உக்காந்துக்கலாம். பிள்ளையா, குட்டியா!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. வடிவுக்கரசி குனிந்தாள். ஜெர்லினின் செருப்பு வாரை மாட்டிவிட்டாள். விண்ணப்பத்தை எடுத்துச் செலஸ்டினாவின் கையில் வைத்தாள்.

"கேட்டுட்டு வா."

*

செலஸ்டினா மேஸ்திரியிடம் கேட்டாள். காளிராசு மேஸ்திரிக்குப் பம்ப் அறை, பல்பு, குழாய், கதவு எல்லாம் பொறுப்பு. அவன் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா இப்போ திடீர்னு? கழட்டி நாலு வருஷமாச்சு."

"அப்போ இருந்துதா?"

"ஆறு கதவுக்கும் இருந்துச்சு. நானாக் கழட்டலே. ஆர்டர்."

"இசக்கி உள்ளே இருக்கும்போது ஏன் போனீங்க?"

"பாட்டுக் கேக்கலே. காலின்னு நெனச்சேன்." அவன் துணியை உதறினான். "அதை அன்னைக்கே பேசி முடிச்சாச்சே. நீங்களே அந்தப் பிள்ளையைக் கண்டிச்சீங்க."

அவள் திரும்பி நேரே ஆபீசுக்கு நடந்தாள்.

பர்சனல் ஆபீசர் நல்ல மனிதர். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வார்டனைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"என்னம்மா, மறந்துட்டீங்களா?"

பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். புரட்டினார். அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

நீல மசி. கோடு போட்டது போல நேராக ஓடும் வரிகள். ஒவ்வொரு 'ழ'வின் காலும் ஒரே அளவில் வளைந்திருந்தது.

'…கடந்த வாரம் எங்கள் தோழி ஒருவர் குளியலறையில் மயங்கி விழுந்ததும், உட்புறம் தாழிட்டிருந்ததால் கதவை உடைக்க நேர்ந்ததும் தாங்கள் அறிந்ததே. ஆகவே எங்கள் பாதுகாப்பைக் கருதி, அனைத்துக் குளியலறைகளின் உட்புறத் தாழ்ப்பாள்களையும் அகற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

கீழே நாற்பது கையெழுத்து. அதில் பத்துப் பேர் கைநாட்டு.

"உங்க எழுத்துதான்" என்றார் ஆபீசர். "இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு நானே சொன்னேனே. நான் சும்மா 'லாக் எடுத்துடுங்க'ன்னு எழுதத்தான் சொன்னேன். நீங்கதான் அந்தப் 'பாதுகாப்பைக் கருதி', அந்தப் 'பணிவுடன்', எல்லாம் சேர்த்து அழகாக்கினீங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மத்தியானம். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாசம். இடுப்பில் ஜெர்லின். 'யாருக்கும்மா கையெழுத்து நல்லா இருக்கும்?' என்று அவர் கேட்டது. அவள் கையைத் தூக்கியது. ஆம், கிளாஸில் தூக்குவது போலத் தூக்கினாள்.

"சார், அந்தப் பொண்ணு மயங்கினது சாப்பிடாம டபுள் ஷிப்ட் பார்த்ததாலே."

"இருக்கலாம். ஆனா பாருங்க, அதுக்கப்புறம் ஒரு நல்லது நடந்துச்சு. முன்னெல்லாம் ஒருத்தி உள்ளே போனா கால் மணி நேரம். இப்போ அஞ்சு நிமிஷம். ஷிப்டு கரெக்டா ஆரம்பிக்குது. பாடிக்கிட்டே யாரும் ரொம்ப நேரம் உக்கார முடியாதுல்ல?" சிரித்தார். ஃபைலை மூடினார். "எல்லாம் நீங்க கேட்டுச் செஞ்சதுதாம்மா. நாங்களா ஒண்ணும் செய்யலே."

*

அன்று மாலை அவள் வடிவுக்கரசியின் வீட்டுக்குள் செருப்போடு வந்தாள்.

"தெரிஞ்சுதானே அனுப்பினே?"

வடிவுக்கரசி மூன்று பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களை எழுந்து போகச் சொன்னாள். போனார்கள்.

"எது?"

"நடிக்காதே வடிவு. நான்தான் எழுதினேன். என் கையால எழுதினேன். அவன் சொன்னது ரெண்டு வார்த்தை. நான் அதுக்குப் பவுடர் போட்டுப் பூ வச்சு அனுப்பியிருக்கேன். பணிவுடன்! எங்க பாத்ரூம் கதவைத் திறந்து விடுங்கன்னு பணிவுடன் கேட்டிருக்கேன்!" அவள் பையைப் பாயில் எறிந்தாள். "நாப்பது பேரு. படிக்கத் தெரியாதவளெல்லாம், வார்டன் அக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும்னு கட்டைவிரலை வச்சிருக்கா. தெரிஞ்சுதானே அனுப்பினே?"

"தெரியாது."

"பொய்."

"தெரியாது, செலஸ். யாரோ எழுதியிருப்பாங்கன்னு தெரியும். நீன்னு தெரியாது."

செலஸ்டினா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி செபமாலையை ஆரம்பித்தாள். சாமியிடம் பேசும் குரலில் இல்லை. உள்ளே வராதே, வராதே என்று யாரையோ தள்ளும் குரலில்.

"அதை நிறுத்தச் சொல்லு" என்றாள் செலஸ்டினா. "என்னால கேக்க முடியலே."

"இவ்வளவு நாள் கேட்டுச்சே."

"இவ்வளவு நாள் அது ஒண்ணுமில்லே!"

வடிவுக்கரசி அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"எட்டாங் கிளாஸ் ஞாபகம் இருக்கா? இன்டர்வெல்ல நான் தமிழ்ல பேசி மாட்டிக்கிட்டேன். நூறு தடவை இம்போசிஷன். 'இனிமேல் பள்ளியில் என் தாய்மொழியில் பேச மாட்டேன்'னு இங்கிலீஷ்ல. என் கை வலிக்குதுன்னு நீ பாதி எழுதிக் குடுத்தே."

"அம்பத்திரண்டு" என்றாள் செலஸ்டினா. "நீ நாப்பத்தெட்டுதான் எழுதினே. உன் எழுத்து மாதிரியே கோணல் மாணலா எழுதினேன். சிஸ்டர் கண்டுபிடிக்கவே இல்லே."

"அம்பத்திரண்டு தடவை எழுதினியே, ஒரு தடவையாவது அதைப் படிச்சியா?"

செலஸ்டினா தன் வலக்கையைப் பார்த்தாள்.

"இல்லே" என்றாள். "கை எழுதிச்சு."

"அந்த வருஷமும் கையெழுத்துப் பரிசு உனக்குத்தான்."

செபமாலை நின்றது. கதவு முனகியது. அடுத்தவள் உள்ளே போனாள். திண்டுக்கல்லிலிருந்து பஸ் புறப்பட்டது.

செலஸ்டினா பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து அவள் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் நிறைந்திருந்தது. கடைசிக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

"நாளைக்குத் தபால்ல போடாட்டி அவ்வளவுதான். எந்த மூஞ்சியோட போடுறது? சேவை செய்யப் போறேன்னா? இதைக் கிழிச்சிடுறேன்."

"கிழி."

அவள் கிழிக்கவில்லை. கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மூணு பாடத்தையும் படிச்சிருந்தா அன்னைக்கு எழுதியிருக்க மாட்டேனா?" என்று கேட்டாள். குரலில் கெஞ்சலும் இல்லை, மரியாதையும் இல்லை. "சொல்லு. அந்த ஆபீசர் எம்.ஏ. படிச்சவர். அவர் பீரோ முழுக்கப் புஸ்தகம். படிச்சா என்ன ஆகும்? இன்னும் அழகாத்தானே எழுதுவேன்? அப்புறம் நான் எதுக்குப் படிக்கணும்?"

வடிவுக்கரசி எழுந்தாள். அலமாரியில் தேடி ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். இரும்பு கிறீச்சிடும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது கையில் துருப்பிடித்த தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் இருந்தன. அதைச் செலஸ்டினாவின் மடியில், விண்ணப்பத்தின் மேல், வைத்தாள்.

செலஸ்டினா அண்ணாந்து பார்த்தாள்.

"அப்போ உன் கதவுக்கு?"

"நான் பாடிக்கறேன்."

*

விடுதியின் பின்முற்றத்தில் ஆறு தகரக் கதவுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நெஞ்சுயரத்தில், பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில், நாலு ஓட்டை. கண் வைத்துப் பார்க்காமல் இருக்கப் பெண்கள் அதில் சோப்பை உருட்டி அடைத்திருந்தார்கள். குளித்துக் குளித்து அந்தச் சோப்பு கரைவதும், புதிதாக அடைப்பதும் நாலு வருஷமாக நடந்துவந்தது. செலஸ்டினாவும் அடைத்திருக்கிறாள்.

அவள் ஒரு ஆணியையும் கருங்கல்லையும் எடுத்து வந்தாள். பழைய ஓட்டைகளை விட்டுவிட்டு, முதல் கதவின் உட்புறத்தில் இடுப்புக்கும் கீழே ஆணியை வைத்து அடித்தாள். டங். முற்றம் முழுக்க அதிர்ந்தது. டங். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், ஷிப்டுக்குக் கிளம்பியவர்கள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள்.

இசக்கியம்மாள் கூட்டத்திலிருந்து முன்னே வந்தாள். பத்தொன்பது வயது. அன்று தொண்டை கட்டியிருந்தவள். செல்போன் வெளிச்சத்தை ஆணியின் மேல் காட்டினாள்.

"ஏன்க்கா இவ்வளவு கீழ வைக்கீங்க? எல்லாரும் குனியணுமே."

"குனிஞ்சுக்கலாம். ஜெர்லினுக்கு எட்டணும்."

இசக்கி வெளிச்சத்தை இன்னும் கீழே இறக்கினாள். செலஸ்டினா கல்லை ஓங்கியவள், அடிக்காமல் இறக்கினாள்.

"இசக்கி, அன்னைக்கு நான் உன்னைக் கேட்டது தப்பு."

"எதைக்கா?"

"நீ ஏன் பாடலேன்னு."

செல்போன் வெளிச்சம் ஆடியது. இசக்கி அதை ஜெர்லினின் கையில் கொடுத்துவிட்டுச் செலஸ்டினாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்லை எங்கிட்ட தாங்க. நீங்க ஆணியைப் புடிங்க."

அந்த ஓட்டைக்குத் தேவையானதைவிட ரொம்பப் பலமாக அவள் அடித்தாள். ஒரு அடி தகரத்தை வளைத்துவிட்டது. யாரும் மெதுவாக என்று சொல்லவில்லை.

மூன்றாவது ஓட்டை போடும்போது காளிராசு மேஸ்திரி வந்தான்.

"யாரைக் கேட்டு மாட்டுறீங்க?"

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?" என்றாள் செலஸ்டினா, திரும்பாமலே.

"நீங்க எழுதிக் குடுத்துத்தானே?"

முற்றத்தில் சலசலப்பு எழுந்தது. செலஸ்டினா ஆணியை விட்டுவிட்டு எழுந்தாள். எல்லாரையும் பார்த்தாள். சத்தமாகச் சொன்னாள்.

"ஆமா. நான்தான் எழுதினேன். உங்க யாருக்கும் அதைப் படிச்சுக் காட்டலே. கைநாட்டு வாங்கினேன். தாழ்ப்பாளைக் கழட்டச் சொல்லி எழுதினது நான்."

கூட்டத்தில் ஒரு வயதான பெண், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருப்பவள், "அடிப் பாவி!" என்றாள். அவ்வளவு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு சொல். செலஸ்டினா அதை வாங்கிக்கொண்டாள். தலை குனியவில்லை.

"இப்போ மாட்டுறதும் நான்தான்" என்றாள் மேஸ்திரியிடம். "இதையும் ஃபைல்ல வச்சுக்கச் சொல்லுங்க."

"காலையில ஆபீசுக்கு வரச் சொல்லுவாரு."

"தபால் ஆபீசுக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

மேஸ்திரி கதவைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். நாற்பத்துமூன்று பேரில் ஒருத்திகூட அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கவில்லை. அவன்தான் சுவரோரமாக ஒதுங்கிப் போனான். போகும்போது, "ஒரு தாழ்ப்பாள்தானே, காலையில கழட்டிடலாம்" என்றான்.

"இன்னும் அஞ்சு கதவு இருக்கு" என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள் 'அடிப் பாவி' என்றவள். "அஞ்சுக்கும் மாட்டத்தான் போறோம்."

திருப்புளி திரும்பியது. நாலாவது திருகாணி சாய்வாகத்தான் ஏறியது. செலஸ்டினா தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். துரு. கொஞ்சம் முரண்டு பிடித்தது. யாரோ தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை நீட்டினார்கள்.

"யாரு முதல்ல?" என்றாள் இசக்கி.

ஜெர்லின் செல்போனை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தியது. உடனே குரல் வந்தது, எப்போதும் போல.

"ஓரெண்டு ரெண்டு! ஈரெண்டு நாலு!"

செலஸ்டினா அந்தக் கதவின் முன்னால் நின்றாள். 'தாழ்ப்பாள் போடு' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவரருகே போனாள். சுவரின் மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகளுக்கு அந்தப் பக்கம் வடிவுக்கரசியின் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"டீச்சர், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஃபாரத்துல அந்தக் கட்டம். முன்னூறு வார்த்தைக்கு மேல போகக் கூடாதாம்."

"ம்."

"ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது போலிருக்கு. எது வரைக்கும் எழுத?"

"மூவெண்டு ஆறு! நாலெண்டு எட்டு!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"அந்தப் பாட்டு நிக்கிற வரைக்கும்."

செலஸ்டினா கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயெண்டு…"

குரல் பாதியில் நின்றது. உள்ளே சின்னக் கை ஒன்று இரும்பைத் தள்ளும் முக்கல் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

பிறகு, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் வந்தது.